பேச்சு வராத பிள்ளையும் பேச்சுப் போன பெரியவரும்



இந்தத் தடவை நமது பாடம் பேச்சைப் பற்றியது. "மூணு வயசாச்சு, இன்னும் வாய் திறக்கல்ல." "பெரியவன் திக்கித் திக்கிப் பேசுறான்." "அப்பாவுக்கு வாதம் வந்த நாள்ல இருந்து பேச்சு இல்ல." லயத்தில் இப்படியான பேச்சு அடிக்கடி காதில் விழும். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிற எங்களுக்கும் இது புதிதல்ல. இங்கே "பிள்ளை இன்னும் கதைக்கேல்லை" என்பார்கள், "கொன்னை தட்டுது" என்பார்கள். சொல் வேறாக இருந்தாலும் கவலை ஒன்றுதான்.

இந்தக் கவலைக்கு நம்மவர்கள் சொல்கிற பதிலும் இரண்டு பக்கத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. "வளர வளரச் சரியாயிடும்" என்பார்கள், அல்லது "அது தலையெழுத்து" என்பார்கள். முதலாவது பதில் சில பிள்ளைகளுக்குத்தான் பொருந்தும். இரண்டாவது ஒருவருக்கும் பொருந்தாது. எது தானாகச் சரிவரும், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பிரித்து அறிவதுதான் இந்தப் பாடத்தின் நோக்கம்.

1. பேச்சு எப்படி வருகிறது?

தேயிலை எப்படி வெளியே போகிறது என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மலையில் கொழுந்து எடுக்க வேண்டும். அது ஸ்டோருக்கு வந்து வாட்டி, அரைத்து, காய்ந்து தூளாக வேண்டும். பிறகு லொறியில் ஏற வேண்டும். பேச்சும் அப்படித்தான்.

காது என்பது கொழுந்து வருகிற வழி. அம்மா பேசுவது, தாத்தா கூப்பிடுவது, பாட்டு, சத்தம் எல்லாம் அந்த வழியாக உள்ளே போகின்றன. மூளை என்பது ஸ்டோர். கேட்டதைப் பிரித்து, பொருள் கண்டு, சொல்லாகவும் வசனமாகவும் கோர்ப்பது அங்கேதான். வாய், நாக்கு, உதடு, அண்ணம், தொண்டை, மூச்சு எல்லாம் சேர்ந்தது லொறி. கோர்த்த சொல்லைச் சத்தமாக வெளியே கொண்டு வருவது அந்தப் பகுதி.

ஆதலால் பேச்சு வரவில்லை என்றால் தடை மூன்று இடத்தில் இருக்கலாம். கொழுந்து வராவிட்டால் எவ்வளவு நல்ல ஸ்டோரும் சும்மாதான் நிற்கும். ஸ்டோரில் ஒரு இயந்திரம் பழுதானால் கொழுந்து வந்தும் தூள் வராது. லொறி பழுதானால் தூள் இருந்தும் வெளியே போகாது. எந்த இடத்தில் தடை என்று பார்க்காமல் மருந்து தேடினால் காசும் காலமும்தான் வீண்.

இதில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக் கொள்வோம். ஸ்டோரில் நடக்கிற வேலைக்கு 'மொழி' என்று பெயர். சொல்லைத் தெரிந்து கொள்வது, பிறர் சொல்வதை விளங்கிக் கொள்வது, வசனம் அமைப்பது எல்லாம் மொழி. லொறி செய்கிற வேலைக்குப் 'பேச்சு' என்று பெயர். ஒலியைச் சரியாக எழுப்புவது, தடங்கல் இல்லாமல் பேசுவது, குரல் வருவது எல்லாம் பேச்சு. பேச்சு நன்றாக இருந்து மொழி குறைந்தவர்களும் உண்டு. மொழி முழுதாக இருந்து பேச்சு மட்டும் குறைந்தவர்களும் உண்டு.

இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. ஒலி பிறக்க மூச்சுக் காற்று எப்படி மேலெழுகிறது, நாக்கும் பல்லும் உதடும் மூக்கும் அண்ணமும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று தொல்காப்பியம் பிறப்பியல் என்ற பகுதியில் முறையாகச் சொல்லி வைத்திருக்கிறது.

2. எந்த வயதில் எது வர வேண்டும்?

எல்லாப் பிள்ளையும் ஒரே நாளில் பேசாது. ஒன்றிரண்டு மாதம் முன்பின் ஆகலாம். ஆனாலும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு.

2, 3 மாதத்தில் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கும், "ஊ, ஆ" என்று குரல் கொடுக்கும்.

6 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பும். "பபப, மமம" என்று அடுக்கும்.

1 வயதளவில் தன் பெயருக்குத் திரும்பும். கைகாட்டிக் கேட்கும். "அம்மா", "தா" போன்ற ஒன்றிரண்டு சொல் பொருளோடு வரும்.

ஒன்றரை வயதில் பத்துச் சொல்லுக்கு மேல் வரும். "பந்த எடு" என்றால் எடுக்கும்.

2 வயதில் ஐம்பது சொல்லளவு வரும். "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கும்.

3 வயதில் சின்ன வசனம் பேசும். வீட்டாருக்கு மட்டுமல்ல, வெளியாளுக்கும் பெரும்பகுதி விளங்கும்.

4 வயதில் நடந்ததைக் கதையாகச் சொல்லும். சில எழுத்து மட்டும் கொச்சையாக இருக்கலாம்.

தப்பாமல் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை: 1 வயதில் மழலை அடுக்கும் இல்லை, கைகாட்டலும் இல்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, 2 வயதில் இரண்டு சொல் சேரவில்லை, எந்த வயதிலும் வந்த பேச்சு நின்று போகிறது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். கிளினிக் கொப்பியோடு மிட்வைஃப் அம்மாவிடமோ தோட்டத்து டாக்டரையாவிடமோ காட்டுங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். பக்கத்துக் காம்பராக்காரர் அல்ல.

3. முதலில் காதைப் பாருங்கள்

பேசாத பிள்ளையைக் கண்டால் நாம் வாயைத்தான் திறந்து பார்க்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது காது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு நாக்கும் தொண்டையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கேட்காததால் பேச்சைப் பழக வழியில்லை, அவ்வளவுதான். அதனால்தான் 'ஊமை' என்று கூப்பிடுவது மனதைப் புண்படுத்துவதோடு பொருளிலும் பிழையாகிறது.

தகரத்தைத் தட்டிப் பார்த்து "திரும்புறானே, காது நல்லாத்தான் கேக்குது" என்று முடிவு செய்யாதீர்கள். பலத்த சத்தத்தின் அதிர்வு உடம்பிலும் தெரியும். நிழல் அசைவதைக் கண்டும் பிள்ளை திரும்பும். பேச்சைக் கேட்கிற அளவுக்குக் காது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைக் கருவியால்தான் அறியலாம். பிறந்த சில நாளிலேயே, பிள்ளை தூங்கும்போதே இந்தச் சோதனை செய்யலாம். வலி கிடையாது.

காது குறைவதற்குக் காரணங்கள் பல. குறைமாதத்தில் பிறப்பது, பிறந்ததும் கடும் மஞ்சள் காமாலை வருவது, மூளைக் காய்ச்சல், திரும்பத் திரும்பக் காதில் சீழ் வடிவது ஆகியவை சில. நெருங்கிய சொந்தத்தில் கலியாணம் செய்தால் பரம்பரைக் காது குறை வரும் வாய்ப்புக் கூடுகிறது. கர்ப்ப காலத்தில் தாய்க்கு ருபெல்லா என்ற ஜெர்மன் அம்மை வந்தாலும் பிள்ளையின் காது போகலாம். இலங்கையில் 1996ல் ருபெல்லாத் தடுப்பூசி தொடங்கியது. அதன் பயனாக இந்தக் காரணத்தால் காது கேளாமல் பிறக்கும் பிள்ளைகள் இங்கே மிக அருமையாகிவிட்டார்கள். ஓர் ஊசி எத்தனை பிள்ளைகளின் பேச்சைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம். சீழ் மாதக்கணக்கில் நின்றால் கேள்வி மங்கும், கேள்வி மங்கினால் பேச்சும் படிப்பும் பின்தங்கும். மருந்தால் குணமாகக் கூடிய ஒன்றை நாமே பெரிதாக்கக் கூடாது.

காது குறைந்த பிள்ளைக்குக் கருவி போடலாம். மிகக் குறைந்தவர்களுக்குக் காதின் உட்பகுதியில் கருவி வைக்கும் சத்திர சிகிச்சை இலங்கையிலும் செய்யப்படுகிறது. எதுவானாலும் முதல் மூன்று நான்கு வருடம் பொன்னான காலம். மூளை மொழியைப் பிடித்துக் கொள்கிற வயது அது.

கருவி உதவாத பிள்ளைக்கும் மொழி உண்டு. கைச் சைகையும் முழுமையான மொழிதான். இலங்கையில் காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கான முதல் பாடசாலையை 1912ல் மேரி சப்மன் என்ற அம்மையார் தொடங்கினார். அதுதான் இன்று இரத்மலானையில் இருக்கும் பாடசாலை. தமிழ்ப் பிள்ளைகள் தமிழிலேயே படிப்பதற்காக 1950களில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் கைதடியில் நவீல்ட் பாடசாலை உருவானது. நீண்ட யுத்த காலத்தையும் கடந்து அது நிற்கிறது. "காது கேக்காத பிள்ளைக்கு என்ன படிப்பு" என்று கேட்கிறவர்களுக்கு அந்தப் பாடசாலையே பதில்.

4. காது நன்றாகக் கேட்டும் பேச்சு தாமதமானால்

காது சரியென்று தெரிந்தால் அடுத்தது ஸ்டோர்.

சில பிள்ளைகள் விளையாட்டில் கெட்டி, அறிவிலும் குறைவில்லை, ஆனால் சொல் ஏறுவது மட்டும் மெதுவாக இருக்கும். வசனம் குழம்பும். சொன்னதில் பாதிதான் விளங்கும். இதற்கு 'வளர்ச்சி மொழிக் குறைபாடு' என்று பெயர். வெளிநாட்டு ஆய்வுகளின்படி இது நூற்றுக்கு ஏழு பிள்ளைகளளவில் காணப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் 'மக்கு' என்று பெயர் வாங்குகிற பிள்ளைகளில் சிலர் உண்மையில் இப்படியானவர்கள்.

சில பிள்ளைகள் கண்ணைப் பார்க்காது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது, விரல் நீட்டிக் காட்டாது, ஒரே பொருளைச் சுற்றிச் சுற்றி விளையாடும், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்லும். இது ஓட்டிசம் ஆக இருக்கலாம். இது தாய் வளர்த்த விதத்தால் வருவதல்ல, பேய் பிசாசும் அல்ல. கயிறு கட்டி, மந்திரித்து ஒரு வருடம் போனால் அந்த வருடம் திரும்பி வராது.

மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கும், பிறக்கும்போது மூச்சு முட்டி மூளை பாதித்த பிள்ளைகளுக்கும் பேச்சு தாமதமாகும். அவர்களுக்கும் பயிற்சியால் முன்னேற்றம் உண்டு.

வீட்டில் தமிழ், வெளியில் சிங்களம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு என்பதால் பேச்சு பிந்துகிறது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. இரண்டு மொழி கேட்டு வளர்கிற பிள்ளை முதலில் கலந்து பேசும், பிறகு தானே பிரித்துக் கொள்ளும். உங்களுக்கு நன்றாக வருகிற மொழியில் நிறையப் பேசுங்கள். தெரியாத மொழியில் அரைகுறையாகப் பேசினால் பிள்ளைக்குக் கிடைப்பதும் அரைகுறைதான்.

அழுகிற பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு வேலை பார்க்கிற பழக்கம் இப்போது லயத்திலும் வந்துவிட்டது. போன் பேசும், ஆனால் பிள்ளை பேசினால் பதில் சொல்லாது. பேச்சு வளர்வது பதில் கிடைக்கும்போதுதான். விடியப் பெரட்டுக்குப் போய்ப் பொழுதுபட வருகிற தாயிடம் நாள் முழுக்கப் பேசு என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஆனால் குளிக்க வார்க்கிற பத்து நிமிடம், சோறு ஊட்டுகிற பத்து நிமிடம் போதும். பிள்ளை மடுவத்து ஆயம்மாவுக்கு இதில் பெரிய பங்குண்டு.

5. பிழையான உச்சரிப்பு எது, ஊர்ப் பேச்சு எது?

'ராணி' என்பதை 'லாணி' என்றும், 'கதவு' என்பதை 'ததவு' என்றும் சின்னப் பிள்ளை சொல்லும். ப, ம போன்ற உதட்டொலிகள் முதலில் வரும். ர, ற, ழ போன்றவை கடைசியில்தான் வரும். 5, 6 வயதுக்குப் பிறகும் நிற்கிற பிழைகளுக்கும், பிள்ளை சொல்வது வெளியாளுக்கு விளங்காத நிலைக்கும் பயிற்சி தேவை. கேலி செய்தும் அடித்தும் திருத்த முடியாது.

ஆனால் ஊர்ப் பேச்சைக் குறை என்று சொல்லக் கூடாது. மலையகத்தில் "வெரசா வா" என்கிறீர்கள், யாழ்ப்பாணத்தில் "கெதியா வா" என்கிறோம். நீங்கள் "அப்பறம்" என்பதை நாங்கள் "பேந்து" என்கிறோம். 'வாழைப்பழம்' பலர் வாயில் 'வாளப்பளம்' ஆகிறது. அது மலையகத்தில் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் கேட்கிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்குப் போய்க் குடியேறின. அவர்களின் பிள்ளைகள் தோட்டத்துத் தமிழோடு பள்ளிக்கூடம் போனார்கள். அப்படி வருகிற பிள்ளையைப் "பேச்சு சரியில்லை" என்று ஒரு ஆசிரியர் சொன்னால், அது அந்தப் பிள்ளையின் நாக்குக் குறை அல்ல, கேட்பவரின் காதுப் பழக்கம்.

இதை ஏன் சொல்கிறோம்? கேலிக்குப் பயந்து வாயை மூடிக் கொள்கிற பிள்ளையும் உண்டு. வீட்டில் நன்றாகப் பேசி, வெளியில் ஒரு சொல்லும் பேசாத பிள்ளையைக் கண்டால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அது பயத்தால் வருகிற ஒரு நிலை. அதற்கும் உதவி இருக்கிறது.

6. திக்குவாய்

திக்குவாய், கொன்னை, தெத்துவாய் என்று பல பெயர். முதல் எழுத்தையே திரும்பச் சொல்வது, இழுப்பது, சொல் வராமல் அடைத்து நிற்பது மூன்றும் இதில் சேரும்.

பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் தொடங்கும். தொடங்கியவர்களில் நான்கில் மூன்று பங்குப் பிள்ளைகளுக்குத் தானாக மாறிவிடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவரளவில் நிற்கிறது. ஆண்களுக்கே கூடுதல். பரம்பரையும் மூளை பேச்சை நடத்துகிற விதமும் இதற்குக் காரணம். பயத்தாலோ, வேறு பிள்ளையைப் பார்த்துப் பழகியோ வருவதல்ல. பயமும் அவசரமும் இருப்பதைக் கூட்டும்.

ஆறு மாதத்துக்கு மேல் நின்றால், குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்தால், முகத்தைச் சுளித்து முக்கிப் பேசினால், அல்லது பேசவே பிள்ளை தயங்கினால் சிகிச்சைக்குக் காட்ட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. "மெதுவாச் சொல்லு", "மூச்செடுத்துச் சொல்லு" என்று நிறுத்தாதீர்கள். அவன் சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். கண்ணைப் பார்த்து, சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேளுங்கள். நீங்கள் நிதானமாகப் பேசுங்கள்.

இலங்கைக்கும் அரசராக இருந்த இங்கிலாந்தின் ஆறாம் ஜோர்ஜ் மன்னருக்குத் திக்குவாய் இருந்தது. 1926ல் லயனல் லோக் என்ற அவுஸ்திரேலியப் பேச்சுப் பயிற்சியாளரிடம் போய்ப் பயிற்சி எடுத்தார். 1936ல் அரசரான பிறகும் அந்த உதவி தொடர்ந்தது. மன்னருக்கே வெட்கம் இல்லாதபோது நமக்கு எதற்கு?

7. பிளவுபட்ட அண்ணமும் நாக்கு ஒட்டும்

உதட்டிலோ மேல் அண்ணத்திலோ பிளவோடு பிறக்கிற பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. ஏறக்குறைய எழுநூறு பிறப்புக்கு ஒன்று என்று கணக்குச் சொல்கிறார்கள். "கிரகணத்தன்னைக்குக் கத்தி எடுத்தா, அதுதான்" என்று தாயைக் குற்றம் சொல்வது நம் வழக்கம். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கருவின் முதல் மூன்று மாதத்தில் முகத்தின் இரண்டு பக்கமும் சேர வேண்டிய இடத்தில் சேராமல் விடுவதே காரணம். பரம்பரை, புகைத்தல், சில வகை வலிப்பு மருந்து போன்றவை அதைக் கூட்டலாம். வலிப்பு மருந்து எடுக்கிற தாய் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

உதட்டை 3 மாதம் முதல் 6 மாதத்துக்குள்ளும், அண்ணத்தை 1 வயதளவிலும் தைத்துச் சரி செய்வார்கள். அதுவரை பிள்ளையை நிமிர்த்தி வைத்துப் பால் கொடுக்க வேண்டும். தைத்ததோடு வேலை முடிந்துவிடாது. பேச்சு மூக்கால் வராமல் இருக்கப் பயிற்சி தேவை. பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

நாக்கின் அடியில் ஒட்டிய சவ்வை வெட்டினால் பேச்சு வரும் என்பதும் ஒரு நம்பிக்கை. பேச்சே வராத பிள்ளைக்கு நாக்கு ஒட்டு காரணமாக இருப்பது மிக அபூர்வம். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவதாலும் பேச்சு வராது. அளவு கூடினால் வாந்தி வரும். 1 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேனும் ஆகாது.

8. பெரியவர்களுக்குப் பேச்சுப் போனால்

நேற்று வரை பேசியவருக்கு இன்று பேச்சு இல்லை என்றால் பெரும்பாலும் அது பாரிசவாதம். மூளைக்கு இரத்தம் போகிற குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருகிறது.

மூன்றைப் பாருங்கள். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே விழுகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே 1990க்குப் போன் செய்யுங்கள். அது சுவசெரிய என்ற இலவச அம்புலன்ஸ். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். எண்ணெய் தேய்த்து விடியும் வரை காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். விழுங்கும் பலம் போயிருந்தால் தண்ணீர் சுவாசப்பைக்குள் இறங்கும்.

பெரும்பாலோருக்கு மொழி மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் வலது கை, கால் விழுந்தவர்களுக்குப் பேச்சும் போவதை அடிக்கடி காண்கிறோம். 1861ல் பாரிஸ் நகரில் புரோக்கா என்ற மருத்துவர் "டான்" என்ற ஒரே ஒலியை மட்டும் சொல்லக் கூடிய ஒரு நோயாளியைச் சோதித்தார். அந்த மனிதருக்குப் பிறர் சொன்னதில் பெரும்பகுதி விளங்கியது. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது முன்பக்கத்தில் சிதைவு இருந்தது. சொல்லைக் கோர்த்து வெளியே விடுகிற பகுதி அது. 1874ல் வெர்னிக்கே என்ற மருத்துவர் வேறொரு வகையை எழுதினார். அந்த வகையில் பேச்சு தாராளமாக வரும், ஆனால் பொருள் இருக்காது. பிறர் சொல்வதும் விளங்காது. அப்படியானவரைப் பைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது.

இப்படிப் பேச்சுப் போனவருக்கு அறிவு போகவில்லை. அவர் முன்னாலேயே "இனி அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று பேசாதீர்கள். குட்டி வசனமாகக் கேளுங்கள். "சாயம் வேணுமா, தண்ணி வேணுமா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். ஆமா, இல்லை என்று தலையசைக்க விடுங்கள். ஒரு சொல்லும் வராதவருக்குச் சில வேளை பாட்டு வரும். காமன் கூத்துப் பாட்டை வருடக்கணக்கில் பாடியவருக்கு, நீங்கள் ஓர் அடியைத் தொடங்கினால் அடுத்த அடி தானாக வரலாம். அதைப் பிடித்துக் கொண்டே பயிற்சி தருகிற முறையும் இருக்கிறது. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். வருடங்களுக்குப் பிறகும் பயிற்சியால் பயன் உண்டு.

வடக்கில் யுத்த காலத்தில் தலையில் காயப்பட்டவர்களுக்கும் இதே போலப் பேச்சுப் போனது. குண்டுச் சத்தத்தால் காது குறைந்தவர்களும் உண்டு. விழுந்து தலையில் அடிபட்டாலும், மோட்டார் சைக்கிள் விபத்திலும் இதே நிலை வரலாம். இரத்த அழுத்தத்துக்கும் சீனி வியாதிக்கும் மருந்தை நிறுத்தாமல் எடுப்பது பேச்சையும் காக்கும் வழி.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையில் கத்திக் கூப்பிடுகிற கங்காணிக்கும் பள்ளிக்கூட ஆசிரியருக்கும் தொண்டை கட்டுவது வழக்கம்தான். மூன்று கிழமைக்கு மேல் குரல் கரகரப்பாக இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். வெற்றிலையோடு புகையிலை, பாக்குப் போடுகிறவர்கள் மாதம் ஒரு தடவை கண்ணாடியில் வாயைப் பாருங்கள். ஆறாத புண், வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, வாய் திறக்க முடியாத இறுக்கம் இருந்தால் காட்ட வேண்டும். வாய்ப் புற்றுக்கு நாக்கை வெட்ட வேண்டி வந்தால் பேச்சும் போகும், சாப்பாடும் போகும். ஆரம்பத்திலேயே கண்டால் காப்பாற்றலாம்.

9. யாரிடம் போவது?

இதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். பேச்சு, மொழிச் சிகிச்சையாளர் என்று பெயர். இந்தியாவில் மைசூரில் இதற்கான தேசிய நிறுவனம் 1960களிலேயே தொடங்கியது. இலங்கையில் 1997ல்தான் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், ராகமையில், இந்தப் பயிற்சி ஆரம்பமானது. பிறகு அது பட்டப்படிப்பானது. போதனா வைத்தியசாலைகளிலும் மற்றப் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இவர்கள் வேலை செய்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை.

தமிழ் பேசுகிற சிகிச்சையாளர்கள் நாட்டில் போதாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல் பிடுங்க மொழி தேவையில்லை. பேச்சைச் சோதிக்க மொழி தேவை. பிள்ளை தமிழில் என்ன சொல்கிறது, எங்கே பிழைக்கிறது என்று தமிழ் தெரிந்தவர்தான் முழுதாக அறிவார். ஆதலால் சிகிச்சைக்குப் போகும்போது பிள்ளையோடு கூடுதலாகப் பழகுகிறவர் கூடப் போக வேண்டும். பிள்ளை சொல்கிற சொற்களை ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டு போங்கள். வீட்டில் பேசுவதைப் போனில் பதிந்து கொண்டு போனால் இன்னும் நல்லது. போனுக்கு இது நல்ல வேலை. படித்து வேலை தேடுகிற நம் பிள்ளைகள் இந்தத் துறையையும் யோசிக்கலாம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிற ஒரு தோட்டத்துப் பிள்ளை இந்தப் படிப்பை முடித்து வந்தால் எத்தனை லயத்துக்கு வெளிச்சம்!

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும் என்பது எங்களுக்குத் தெரியும். இந்தச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதுமில்லை. ஆனால் அங்கே அரை மணித்தியாலம் காட்டித் தருவதை வீட்டில் தினமும் செய்வதுதான் உண்மையான மருந்து. அதனால் தூர நாளில் ஒரு தடவை போனாலும், கற்றதை விடாமல் செய்தால் பலன் கிடைக்கும்.

குறையைக் காட்டிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தால் பணிந்து திரும்பாதீர்கள். 1996ம் ஆண்டின் 28ம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காரணம் காட்டி வேலையிலோ பாடசாலைச் சேர்ப்பிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது.

10. வீட்டில் கேட்டுப் பார்க்க

இந்தப் பாடத்தை வாசித்தவர் வாசிக்கத் தெரியாதவருக்கும் சொல்லுங்கள். பிறகு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. பேசாத பிள்ளைக்கு முதலில் சோதிக்க வேண்டியது எது? ஏன்?

2. இரண்டு வயதில் பிள்ளை எப்படிப் பேச வேண்டும்?

3. திக்கிப் பேசுகிறவரிடம் நாம் செய்யக் கூடாதவை எவை?

4. வாய் கோணி, பேச்சு குழறினால் எந்த இலக்கத்துக்குப் போன் செய்ய வேண்டும்?

5. நமது லயத்தில் பேச்சுக் குறையோடு இருப்பவர் யாராவது உண்டா? அவரை இதுவரை எந்த ஆஸ்பத்திரியிலாவது காட்டினார்களா?

ஐந்தாவது கேள்விக்கு "உண்டு, காட்டவில்லை" என்று பதில் வந்தால், வருகிற கிளினிக் நாளில் அந்தக் குடும்பத்தைக் கூட்டிக் கொண்டு போங்கள். தனியாகப் போகத் தயங்குகிற தாய்க்குக் கூட ஒருத்தி வந்தால் அதுவே பாதித் தைரியம்.